திருநெல்லியில் பலி, வள்ளியூர்க்காவு, வயநாட்டுப் பழங்குடிகள்: போய்வர விவரம் வேண்டும்

கேள்வி: பவானிக்கரை

வணக்கம். ஈரோட்டிலிருந்து காரில் வயநாடு போகிறோம். ஐந்து பேர். அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி உண்டு. அப்பாவுக்குத் திருநெல்லிப் பெருமாள் கோயிலில் பலி (இறந்தவர்களுக்குச் செய்யும் பிதுர் தர்ப்பணம்) போடுவதுதான் முக்கிய வேலை. அது போக இரண்டு நாள் கையில் இருக்கும்.

ஆடி அமாவாசைக்கே போகலாமா? பலிக்கு நாம் என்ன கொண்டு போக வேண்டும், நம்ம ஊர் திதி மாதிரிதானா? திம்பம் வழி நல்லதா, ஊட்டி வழியா? பக்கத்தில் பார்க்க வேண்டிய கோயில்கள் என்னென்ன? பிள்ளைகளுக்கு ஒரு பழங்குடி கிராமத்தைக் காட்ட ஆசை. கைடு வைத்தால் உள்ளே கூட்டிப் போவார்களா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுங்கள்.

---

பதில்: நெல்லிமலை

பலியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் நாள். திருநெல்லியில் வருஷம் முழுக்கக் காலை வேளையில் பலி நடக்கிறது, அமாவாசைதான் என்று இல்லை. நம் ஆடி அமாவாசை அங்கே கர்க்கடக வாவு. அன்றைக்கு வருகிற கூட்டத்துக்கு வண்டிகளைத் திருநெல்லிக்கு முன்னால் வரும் காட்டிக்குளத்திலேயே நிறுத்திவிட்டு, அங்கிருந்து கேரள அரசுப் பேருந்தில் ஏற்றிப் போவது வழக்கம். நடு மழைக்காலம் வேறு. பாறையெல்லாம் பாசி, ஓடையில் இழுப்பு. முழங்கால் வலி உள்ளவரை அந்த நெரிசலில் கூட்டிப் போக வேண்டாம். ஐப்பசி அமாவாசையும் (துலாம் வாவு) மாசி அமாவாசையும் (கும்ப வாவு) விசேஷம், ஆகவே அப்போதும் கூட்டம் உண்டு. மழை விட்ட பிறகு ஒரு சாதாரண வார நாள் பாருங்கள்.

அப்பாவின் திதியன்றே செய்வதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். நாம் மாசமும் திதியும் பார்ப்போம். கேரளத்தில் பெரும்பாலும் மாசமும் நட்சத்திரமும் பார்ப்பார்கள். ஒரே இறப்புக்கு இரண்டு கணக்கும் சில நாள் தள்ளி விழும். உங்கள் வீட்டு வழக்கப்படி திதியன்றே போங்கள். ஆனால் அப்பாவின் பெயர், பிறந்த நட்சத்திரம், இறந்த அன்றைய நட்சத்திரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது அங்கே நின்று ஊருக்கு போன் போட முடியாது. சிக்னலை நம்ப முடியாத இடம்.

முதல் நாள் 'ஒரிக்கல்' இருக்க வேண்டும். ஒரு வேளை மட்டும் அரிசிச் சோறு, மற்ற வேளை பலகாரம். புலால், மது கூடாது. அன்றைக்கு மாலைக்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிடுங்கள். போகும் வழியில் காட்டிக்குளத்துக்குப் பக்கத்தில் திரிசிலேரி மகாதேவர் கோயில் இருக்கிறது. அங்கே விளக்கு வைத்துவிட்டுத்தான் திருநெல்லிக்கு ஏற வேண்டும் என்பது பழைய முறை. பலர் இதைத் தெரியாமல் நேராகப் போய்விட்டு, கர்மி (சடங்கு செய்துவைப்பவர்) கேட்ட பிறகு விழிக்கிறார்கள். இருபது நிமிஷ வேலை, முடித்துக்கொண்டு போங்கள். தங்குவதற்குத் தேவஸ்வத்தின் (கோயில் நிர்வாகம்) விடுதி கோயிலை ஒட்டியே இருக்கிறது. வார இறுதி என்றால் முன்கூட்டியே பதிவு செய்யாமல் கிளம்பாதீர்கள்.

விடிந்ததும் முதல் வேலை தேவஸ்வம் கவுண்டரில் பலி ரசீது. தர்ப்பை, எள், அரிசி, சந்தனம், பூ எல்லாம் அங்கேயே தருகிறார்கள். ஈரோட்டிலிருந்து பூஜைச் சாமான் மூட்டை கட்ட வேண்டியதில்லை. நீங்கள் எடுத்துப் போக வேண்டியவை இரண்டு வேட்டி, ஒரு துண்டு, ஈரத்தை மாற்றிப் போட்டுக்கொண்டு வர ஒரு பை. சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்குள் போக முடியாது. கோயிலுக்குள் செல்போனைப் பையிலிருந்து எடுக்காதீர்கள்.

கோயிலின் பின்பக்கம் படி இறங்கினால் முதலில் பஞ்சதீர்த்தக் குளம். நடுவில் ஒரு பாறை, அதில் பாதமும் சங்கு சக்கரமும் செதுக்கியிருக்கும். அதைத் தாண்டிக் குண்டிகை என்னும் குகைச் சிவன் கோயில். அப்புறம் காட்டோரமாகப் பாறை வழியே நடந்தால் பாபநாசினி. ஆறு என்றதும் பவானி கூடுதுறையை மனசில் வைத்துப் போகாதீர்கள். பிரம்மகிரியிலிருந்து இறங்கும் சிற்றோடை. கோடையில் கணுக்கால் அளவு தண்ணீர்தான். ஆனால் கை வைத்தால் விறைக்கும். வழி பத்துப் பதினைந்து நிமிஷ நடை. கைப்பிடி இல்லாத இடங்கள் உண்டு. அம்மா மேலே கோயில் முற்றத்திலேயே உட்காரட்டும்.

ஓடையில் முங்கி, ஈர வேட்டியோடு வரிசையில் உட்கார வேண்டும். கர்மி உரக்கச் சொல்லச் சொல்ல எல்லாரும் சேர்ந்து செய்வார்கள். மலையாளம் புரியாவிட்டால் பக்கத்து ஆளின் கையைப் பார்த்துச் செய்தால் போதும். தப்பு நடப்பது பவித்திரத்தில்தான். தர்ப்பை மோதிரம் ஈரத்தில் வழுக்குகிறது என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள். அவிழ்த்துப் போடச் சொல்லும்வரை மோதிர விரலிலேயே இருக்க வேண்டும். இன்னொரு விஷயம், அங்கே பெண்களும் உட்கார்ந்து பலி போடுவார்கள். உங்கள் வீட்டில் அக்கா தங்கை இருந்தால் ஒதுங்கி நிற்க வேண்டாம், ரசீதை அவர்களுக்கும் சேர்த்து வாங்குங்கள்.

பிண்டம் கரைத்த பிறகு உடுத்திய துணியை ஓடையில் விடும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. அங்கே கூடாது, சோப்பும் கூடாது. அந்த ஓடை காளிந்தியில் சேர்ந்து, காளிந்தி கபினியில் சேர்ந்து, கபினி திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியோடு கலக்கிறது. மேட்டூர் வழியாக உங்கள் ஊருக்கு வருவதும் அந்தத் தண்ணீர்தான்.

குளிர் விட்டதும் திரும்பி மேலே வந்து பெருமாளைச் சேவித்தால் முடிந்தது. கோயிலுக்குக் கிணறு கிடையாது. மலை ஊற்றிலிருந்து கல்தூண்கள் மேல் குடைந்த கல் ஓடுகளை அடுக்கித் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். மோட்டார் இல்லை, சரிவு மட்டும்தான். ஓடும் ஓடும் சேரும் இடத்தில் கொஞ்சம் கசிந்து தூணெல்லாம் பச்சையாக இருக்கும். அம்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பார்க்க அதுவே போதும்.

---

பதில்: திம்பம்27

வழியை நான் சொல்றேன்.

ஈரோடு, சத்தி, பண்ணாரி, திம்பம், ஆசனூர், சாம்ராஜ்நகர், குண்டல்பேட்டை, முத்தங்கா, சுல்தான் பத்தேரி, மானந்தவாடி, காட்டிக்குளம், தெற்று ரோடு, திருநெல்லி. உங்களுக்கு இதுதான் நேர்வழி. ஊட்டி வழியா போனா நீலகிரிக்கு இ-பாஸ் கேட்பாங்க, கூடலூருக்கு அப்புறம் ரோடும் குறுகல்.

ராத்திரி மூடுற ரெண்டு காட்டு கேட்டை (சோதனைச்சாவடி) மனசுல வச்சு நேரம் போடுங்க. திம்பத்துல 2022 பிப்ரவரியிலிருந்து ஐகோர்ட் உத்தரவுப்படி ராத்திரித் தடை. கார் மாதிரி சின்ன வண்டிக்கு ராத்திரி 9 முதல் காலை 6 வரை, சரக்கு வண்டிக்கு சாயங்காலம் 6க்கே மூடிடுவாங்க. பந்திப்பூர் காட்டுக்குள்ள குண்டல்பேட்டை பத்தேரி ரோடும் 9 முதல் 6 வரை மூடல், அது 2009லிருந்தே இருக்கு. போகும்போது பிரச்சினை இல்லை, காலை 6க்குப் பண்ணாரி சோதனைச்சாவடியில நின்னா மதியச் சாப்பாடு பத்தேரியில. சிக்கல் திரும்பும்போதுதான். பந்திப்பூரை 8 மணிக்குத் தாண்டிட்டோம்னு சந்தோஷப்பட்டா, திம்பம் மூடினதுக்கு அப்புறம் சாம்ராஜ்நகர்லயே படுக்கணும். பத்தேரியை விட்டு மதியம் 3 மணிக்குள்ள கிளம்பிடுங்க.

மைசூர்லேர்ந்து வர்றவங்க கவனத்துக்கு: எச்.டி.கோட்டை, பாவலி ரோடு சாயங்காலம் 6க்கே மூடிடும். கூகுள் அதைக் கிட்டத்து வழின்னு காட்டும், கேட்டைக் காட்டாது. ராத்திரி வழி கோணிக்கொப்பல், குட்டா, தோல்பெட்டிதான்.

திம்பத்தோட 27 கொண்டை ஊசி வளைவும் இறங்கும்போதுதான் பிரேக்குக்குச் சோதனை. செகண்டு கியர்லயே இறக்குங்க. ஆசனூர் தாண்டி காரப்பள்ளத்துல கரும்பு லாரிக்காக யானை ரோட்டுல காத்துக்கிட்டு நிக்கும். முன்னாடி லாரி நின்னா முந்தாதீங்க, லாரிக்கு அந்தப் பக்கம் யானை நிக்கலாம்.

தெற்று ரோட்டுலேர்ந்து திருநெல்லி வரைக்கும் காடு. தெற்று ரோடு முக்குல உண்ணியப்பக் கடை இருக்கு, சூடா வாங்கிட்டு, 5 மணிக்குள்ள மேல ஏறிடுங்க. வளைவுல மூங்கில் ஒடிச்சுப் போட்டிருந்தா, சாணம் ஆவி பறந்தா, வண்டியை மெதுவாக்குங்க. யானை ரோட்டுல நின்னா தூரமா நிறுத்தி எஞ்சின் ஓடட்டும், ஹாரன் வேணாம், ஹை பீம் வேணாம், யாரும் இறங்கி போட்டோ எடுக்கக் கூடாது. குட்டி இருந்தா ரிவர்ஸ் எடுக்க இடம் விட்டே நிறுத்துங்க. பெட்ரோலும் ஏடிஎம்மும் காட்டிக்குளத்தோட சரி.

---

பதில்: பந்தலூர்வாசி

உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில்: வேண்டாம். "கிராமம் காட்டுகிறேன்" என்று யாராவது கைடு வந்தால் அவரையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே குடியிருப்புகளுக்குள் வெளியாட்கள் போகப் பழங்குடி வளர்ச்சித் துறையின் முன் அனுமதி வேண்டும். அதற்கு அலுவலகம் கல்பெட்டாவில் இருக்கிறது, மானந்தவாடியிலும் பத்தேரியிலும் கிளை உண்டு. ஆராய்ச்சி, மருத்துவ முகாம் என்று காரணம் இருப்பவர்களுக்கான வழி அது. பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட அல்ல. இன்னொருவர் வாசலில் போய் நின்று அவர்கள் சமைப்பதைப் படம் எடுப்பதை நம் தெருவில் யாராவது செய்தால் விடுவோமா?

பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் லக்கிடி பக்கம், பூக்கோட்டில் 'என் ஊரு' என்ற பாரம்பரிய கிராமம் இருக்கிறது. 25 ஏக்கர், 2022ல் திறந்தார்கள், அரசு அமைப்பு. பழைய முறைப்படி வேய்ந்த வீடுகள், கலைகள், கடைகள், வேலை செய்கிறவர்களும் அந்த மக்களே. சொந்த வண்டியை மேலே விடமாட்டார்கள், கீழிருந்து ஜீப். பணமும் போக வேண்டிய கைக்குப் போகிறது.

ஆனால் அதைவிட முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். கோயிலைத் தனியாக, பழங்குடியைத் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். வயநாட்டில் அப்படிப் பிரிக்க முடியாது. மானந்தவாடிக்குப் பக்கத்தில் கபினிக் கரையில் இருக்கும் வள்ளியூர்க்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். வனதுர்க்கை, ஜலதுர்க்கை, பத்ரகாளி என்று மூன்று நிலையில் பகவதி. மீன மாசம் ஒன்றாம் தேதி, அதாவது நம் பங்குனி பிறக்கும்போது தொடங்கி 14 நாள் திருவிழா. இன்றைக்கு ராட்டினமும் பலகாரக் கடையுமாக இருக்கும் அந்தத் திருவிழாதான் ஒரு காலத்தில் ஆள் பிடிக்கும் சந்தை. நிலவுடைமைக்காரர்கள் அங்கே வந்து அடியர், பணியர் என்ற பழங்குடி மக்களை அடுத்த ஒரு வருஷத்துக்குப் பேசி எடுப்பார்கள். கையில் கொடுக்கும் காசுக்கு 'நில்ப்புப் பணம்' என்று பெயர். நிற்பதற்கான பணம். வாங்கிவிட்டால் வருஷம் முடியும்வரை அந்த வயலை விட்டுப் போக முடியாது. அம்மன் முன்னால் ஒப்புக்கொண்ட வாக்கு, மீறினால் அம்மன் தண்டிப்பாள் என்ற பயமே கயிறு. சங்கிலி தேவைப்படவில்லை. கூலியாக நெல் அளப்பார்கள், அதற்கு 'வல்லி' என்று பெயர், வேலைக்கு 'வல்லிப்பணி'. அந்த நெல் அளவை உயர்த்தக் கேட்டு 1960களின் கடைசியில் திருநெல்லிப் பக்கம் நடந்த போராட்டங்களில் இருந்தவர்தான் நக்சல் தலைவர் வர்கீஸ். 1970 பிப்ரவரியில் போலீஸ் அவரைச் சுட்டுக் கொன்றது. மோதல் என்று அப்போது சொன்னார்கள். சுட்ட காவலரே 1998ல் உண்மையைச் சொன்னார், 2010ல் ஓர் உயர் அதிகாரிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கொத்தடிமை முறை நாடு முழுக்கச் சட்டப்படி ஒழிந்தது அதற்கும் பிறகு, 1976ல்.

இவ்வளவுக்கும் பிறகும் அந்தத் திருவிழாவுக்கு அதே மக்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். அது அவர்களுடைய அம்மன், சந்தை வைத்தவர்களுடையது மட்டும் இல்லை.

புல்பள்ளி சீதாதேவி கோயிலும் அப்படித்தான். லவ குசர் கதைக்காக நம்மவர்கள் போவார்கள். 1802ல், வெள்ளைக்காரர்களை எதிர்த்துப் போரிட்ட பழசி ராஜாவின் தளபதி எடச்சேன குங்கன் ஆள் திரட்ட அழைப்பு விடுத்தது அந்தக் கோயிலில் இருந்து. அதே வருஷம் பனமரம் கோட்டையைக் கும்பினிக்காரர்களிடமிருந்து (கிழக்கிந்தியக் கம்பெனி) பிடித்ததில் தலைக்கல் சந்து என்ற குறிச்சியர் தலைவரின் வில்லாளிகளுக்குப் பெரிய பங்கு. பழசி 1805 நவம்பர் 30ல் இறந்தார். மானந்தவாடியில் சமாதி இருக்கிறது, வள்ளியூர்க்காவு போகிற வழியில் பார்த்துவிடலாம். அவர் போன பிறகும் குறிச்சியரும் குறுமரும் அடங்கவில்லை. வரியை நெல்லாக வாங்காமல் காசாகக் கேட்டதை எதிர்த்து 1812ல் மறுபடி எழுந்தார்கள். வரலாற்றுப் புத்தகத்தில் ராஜா பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், வில் பிடித்தவர்கள் பெயர் சிறிய எழுத்தில்.

தாமரசேரி சுரம் (மலைப்பாதை) ஏறி வருகிறவர்கள் லக்கிடியில் சங்கிலி கட்டிய ஒரு மரத்தைப் பார்ப்பார்கள். சுரத்துக்கு வழி காட்டியவர் கரிந்தண்டன் என்ற பணியர் இளைஞர், வழி தெரிந்ததும் வெள்ளைக்காரப் பொறியாளர் அவரைக் கொன்றுவிட்டார், அவர் ஆவியைக் கட்டிப் போட்ட சங்கிலி அது என்று சொல்வார்கள். கதைதான். அவரை இப்போதும் நினைவுகூர்கிறார்கள் என்பது கதை இல்லை.

---

பதில்: கல்லெழுத்து

பந்தலூர்வாசி சொன்னதோடு இரண்டு சேர்க்கை.

சமணத்தை யாரும் சொல்லவில்லை. சுல்தான் பத்தேரி ஊர் நடுவிலேயே ஒரு கருங்கல் பசதி (சமணக் கோயில்) இருக்கிறது, தொல்லியல் துறை பராமரிப்பு. திப்பு அதை வெடிமருந்து வைக்கும் பேட்டரியாக ஆக்கியதால்தான் கணபதிவட்டம் என்ற ஊர் சுல்தான் பேட்டரி ஆகி, பத்தேரி ஆயிற்று. பனமரம் பக்கம் புதங்காடியில் இடிந்த கல் கோயில்கள் இரண்டு, ஜனார்த்தனன் குடி, விஷ்ணு குடி. தூண் சிற்பம் அபாரம், கூட்டம் இருக்காது, படிக்கட்டும் இல்லை. அம்மாவையும் அழைத்துப் போகலாம்.

எடக்கல்லைக் கோயில் என்றோ குகை என்றோ நினைத்துப் போகாதீர்கள். அம்புக்குத்தி மலையில் இரண்டு பாறைப் பிளவுக்கு நடுவில் ஒரு பாறை விழுந்து சிக்கி நிற்கிறது, அதுதான் 'இடைக்கல்'. பக்கச் சுவரெல்லாம் கற்காலக் கீறல் உருவங்கள். மலபார் போலீஸ் அதிகாரி ஃபாசெட் 1890ல் பார்த்து, 1901ல் எழுதி வெளியிட்டார். நமக்கு முக்கியம், அந்தக் கீறல்களோடு தமிழ் பிராமி எழுத்துகளும் இருக்கின்றன. 'கடும்மி புத சேர' என்று ஒன்றைக் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்திருக்கிறார். சேரர் பெயர் வயநாட்டு மலை உச்சியில்! வெளிச்சம் பக்கவாட்டில் விழும் காலையில் போனால் கீறல் தெரியும், உச்சி வெயிலில் வெறும் பாறை. செங்குத்தான இரும்புப் படிகள் நிறைய. அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம். அவரைக் கீழே அம்பலவயல் அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்க்க விடுங்கள்.

---

பவானிக்கரை

எல்லாருக்கும் நன்றி. ஆடி வேண்டாம், கார்த்திகையில் ஒரு வார நாள் என்று முடிவு செய்துவிட்டோம். பழங்குடி கிராமம் பற்றிக் கேட்ட விதம் சரியில்லை என்று புரிகிறது. பந்தலூர்வாசி அண்ணா, பெயர்கள்தான் குழம்புகிறது. குறும்பர், குறுமர், குறிச்சியர் எல்லாம் ஒன்றா? அடியர் என்று கூப்பிடலாமா? பெண்ணுக்குப் பள்ளியில் எழுதிக் கொடுக்க வேண்டும், தப்பாக எழுதிவிடக் கூடாது. அப்புறம் அட்டை, காய்ச்சல் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

---

பதில்: பந்தலூர்வாசி

ஒன்று இல்லை. நிறையப் பேர் தப்பாக எழுதும் இடம் இதுதான்.

குறிச்சியர் மலை நெல் விவசாயிகள். தாய்வழிக் கூட்டுக் குடும்பம், 'மிட்டம்' என்று பெயர். தெய்வம் மலக்காரி. தங்களை உயர்ந்தவர்களாகக் கருதித் தீட்டு பார்த்த வழக்கம்கூட இருந்தது. முள்ளுக்குறுமர் வேறு. அவர்களும் வில்லாளிகள், குடியிருப்பின் நடுவில் 'தெய்வப்புரை' வைத்திருப்பார்கள். வேட்டக்குறுமர் அல்லது ஊராளிக்குறுமர் கைவினைஞர்கள். சக்கரம் இல்லாமல் கையாலேயே பானை வனைவார்கள், இரும்பு வேலை, கூடை எல்லாம் அவர்களிடம். தேன்குறுமர் என்று சொல்லப்படுகிறவர்கள் காட்டுநாயக்கர். கர்நாடகத்தில் ஜேனுக் குறுபர். பாறைத் தேன் எடுப்பதில் அவர்களுக்கு நிகர் இல்லை. நீலகிரியின் ஆலுக் குறும்பர் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

பணியர் கேரளத்திலேயே எண்ணிக்கையில் பெரிய பழங்குடி. எங்கள் பந்தலூர், கூடலூர்ப் பக்கமும் அதே மக்கள்தான். ஆனால் வேடிக்கை பாருங்கள், தமிழ்நாட்டில் பணியர் 'மிகவும் நலிந்த பழங்குடி' பட்டியலில் உண்டு, கேரளத்தில் இல்லை. எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் இருக்கும் அண்ணனுக்கு ஒரு திட்டம், அந்தப் பக்கம் இருக்கும் தம்பிக்கு வேறு திட்டம். காட்டுநாயக்கர் இரண்டு மாநிலப் பட்டியலிலும் இருக்கிறார்கள். நாற்று நடும்போது துடியும் குழலும் வாசிக்க, வரிசையாக ஆடிக்கொண்டே நடும் 'கம்பளநாட்டி' பணியருடையது. மகள் அதைப் பற்றி எழுதட்டும், நல்ல விஷயம்.

அடியர் என்பது அரசுப் பட்டியலில் உள்ள பெயர்தான். ஆனால் அது எஜமானர் வைத்த பெயர், பொருள் உங்களுக்கே தெரியும். அவர்கள் தங்களைச் சொல்வது ராவுளர். குடகில் எரவர் என்பார்கள். மகளை 'ராவுளர்' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் அரசுப் பெயரைப் போடச் சொல்லுங்கள். நோய் தீரத் துடியும் சீனி என்ற ஊதுகருவியும் வைத்து அவர்கள் நடத்தும் சடங்கு 'கத்திகை'. அதை மேடைக்குக் கொண்டுவந்து வெளியுலகம் அறியச் செய்தவர் பி.கே.காளன், கேரள நாட்டுப்புறக் கலை அகாதமியின் தலைவராகவும் இருந்தார். 2003ல் முத்தங்காவில் நிலம் கேட்டுக் குடிசை போட்ட போராட்டத்தின் தலைவர் சி.கே.ஜானுவும் ராவுளர்தான். நீங்கள் விளக்கு வைக்கப் போகும் திரிசிலேரிக்குப் பக்கத்தில் பிறந்தவர். அந்தப் போராட்டத்தில் பிப்ரவரி 19 அன்று போலீஸ் சுட்டது, ஒரு ஆதிவாசி இறந்தார், ஒரு போலீஸ்காரரும் இறந்தார்.

'காலனி' என்று எழுத வேண்டாம். 2024 ஜூனில் அந்தச் சொல்லை அரசு ஏடுகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். 'நகர்', 'உன்னதி', 'பிரகிருதி' என்று மாற்று சொல்லியிருக்கிறார்கள். வழியில் 'உன்னதி' என்ற பலகையைப் பார்த்தால் அது ரிசார்ட் இல்லை, மக்கள் குடியிருக்கும் இடம். வண்டியை உள்ளே திருப்பாதீர்கள்.

---

பதில்: நெல்லிமலை

அட்டை ஜூன் முதல் அக்டோபர் வரை அதிகம். கார்த்திகையில் பாபநாசினிப் பாறை ஈரத்தில் ஒன்றிரண்டு இருக்கலாம். பிய்த்து இழுக்காதீர்கள், வாய் உள்ளேயே நின்று புண்ணாகும். உப்போ மூக்குப்பொடியோ வைத்தால் தானாக விழும். கொஞ்ச நேரம் ரத்தம் நிற்காது, அது அட்டையின் எச்சில் செய்யும் வேலை, பயப்பட வேண்டாம். லவ குசரைக் கடித்ததற்காகச் சீதை சபித்ததால் புல்பள்ளியில் அட்டையே கிடையாது என்பார்கள். மழைக்காலத்தில் அந்த வாக்கை நம்பிச் செருப்போடு போகாதீர்கள்.

நிஜமாகப் பயப்பட வேண்டியது உண்ணி. அது கடித்துப் பரவும் குரங்குக் காய்ச்சல் திருநெல்லிப் பக்கம் வந்திருக்கிறது, 2015ல் வயநாட்டில் சாவுகளும் உண்டு. பனி முடிந்து காடு காய்ந்த பிறகு, ஏறக்குறைய ஜனவரி முதல் மே வரை அதன் காலம். கார்த்திகைக்கு ஆபத்து குறைவு. ஆனாலும் சருகின் மேல் உட்காரவோ, காட்டோரச் செடியில் ஈர வேட்டியைக் காயப்போடவோ வேண்டாம். குரங்கு செத்துக் கிடந்தால் பக்கத்தில் போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் கடும் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால் மருத்துவரிடம் "வயநாட்டுக் காட்டுக்குப் போனோம்" என்பதை முதலிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்குவுக்கு மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள்.

---

பதில்: திம்பம்27

கார்த்திகைன்னா சரி, இப்படி வச்சுக்குங்க. முதல் நாள் காலை 6க்குப் பண்ணாரி, பத்தேரியில சாப்பாடு, பசதியைப் பார்த்துட்டு சாயங்காலம் 4க்குத் திரிசிலேரி. நடை திறக்கிற நேரத்தை முன்னாடியே போன்ல கேட்டுக்குங்க, தாமதமானா விளக்கை விடாம மறுநாள் இறங்கும்போது வையுங்க, ஆனா தெற்று ரோட்டை இருட்டுல தாண்டாதீங்க. ரெண்டாம் நாள் காலை பலி, 10 மணிக்கு இறங்கி, பழசி சமாதி, வள்ளியூர்க்காவு, ராத்திரி மானந்தவாடியில தங்கல். மூணாம் நாள் புதங்காடி, அம்பலவயல், 3 மணிக்குப் பத்தேரி விட்டாச்சு. 'என் ஊரு' லக்கிடியில இருக்கு, எதிர்த் திசை. அதையும் சேர்க்கணும்னா நாலாவது நாள் வேணும், மூணு நாள்ல திணிச்சா பந்திப்பூர் கேட்டுலதான் போய் நிப்பீங்க.